பதினாலாம் நம்பர் அம்மன்

சிலைகளுக்குக் காவல் இருக்கிற வேலையில் சிலைகளால் ஒரு தொந்தரவும் கிடையாது. அது பாட்டுக்கு நிக்கும். தொந்தரவு எல்லாம் கதவைத் திறந்துகிட்டு உள்ளே வரும். துணிக்கடையில மடிச்சு வச்ச புடவையையே நாள் முழுக்க மறுபடி மடிக்கிறவங்க, ஆஸ்பத்திரியில 'டோக்கன் எடுத்துட்டு உட்காருங்க'ன்னு கத்திக் கத்தித் தொண்டை போனவங்க, டோல்கேட் கூண்டுக்குள்ள இருந்து திட்டு வாங்கறவங்க, உங்களுக்கெல்லாம் நான் சொல்லப்போறது நல்லாவே புரியும். மத்தவங்க சிரிச்சுட்டுப் போங்க.

எனக்குப் பதினெட்டு வயசு. பேரு பவித்ரா. வல்லக்கோட்டைக்குப் பக்கத்துல வீடு. பிளஸ் டூவோட நிறுத்திட்டேன். காரணம் கேக்காதீங்க, படிக்கப் பிடிக்கலை, அவ்வளவுதான். வல்லம் வடகால்ல வண்டிக்குப் பார்ட்ஸ் செய்யற ஒரு கம்பெனி இருக்கு. பேரைச் சொல்ல மாட்டேன், எனக்கு வேலை வேணும். அதை ஆரம்பிச்ச பெரியவர் ஆர்டர் பிடிக்க நாடு முழுக்க சுத்தினவர். போன இடத்துல எல்லாம் பழங்குடி ஜனங்க செஞ்ச சிலைகளை வாங்கிட்டு வந்து வீட்டுல அடுக்கி வச்சிருந்தார். அவர் போனதுக்கப்புறம் அவர் பொண்ணு, அதாவது எங்க டைரக்டர் மேடம், கம்பெனி கேட்டுக்குப் பக்கத்துல சும்மா கிடந்த ஹால்ல அதையெல்லாம் வச்சு மியூசியம் ஆக்கிட்டாங்க. யாரு வேணா வரலாம், டிக்கெட் கிடையாது. ரிஜிஸ்டர்ல பேர் எழுதணும், சிலையைத் தொடக்கூடாது. இந்த ரெண்டையும் பார்த்துக்கத்தான் நான்.

சேரும்போதே சொல்லிட்டாங்க. மார்ச் கடைசியில மேடம் வந்து ரிஜிஸ்டரைப் பார்ப்பாங்க. ஆள் வரலைன்னா ஹாலைக் கேன்டீனுக்குக் கொடுத்துடுவாங்க. மியூசியம் போனா நானும் போகணும். எங்க அக்கா ஒரு செல்போன் கம்பெனி லைன்ல எட்டு மணி நேரம் நின்னுகிட்டே வேலை செய்யறா. அங்கேயே எனக்கும் அம்மா சொல்லி வச்சாச்சு. அக்கா சாயங்காலம் வந்து வீங்கின காலை பக்கெட் தண்ணியில வைக்கிறதைத் தினம் பார்க்கிறவ நான். அதனால எனக்கு இந்த மியூசியம் ஓடியே ஆகணும். கலை, பண்பாடு எல்லாம் அப்புறம்.

ஏசி எந்தப் பக்கம்?

முதல் மாசம் வந்தவங்க எல்லாம் லாரி டிரைவர்கள். லோடு இறக்க கேட் பாஸ் கிடைக்கிற வரைக்கும் வெயில்ல நிக்க முடியாம உள்ளே வருவாங்க. கேக்கற முதல் கேள்வி பாத்ரூம், ரெண்டாவது கேள்வி ஏசி. சிலை மூணாவது கேள்வியா கூட வராது. ஆனா ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடுவாங்க. எனக்கு அது போதும்.

வாசல்லயே ஒரு நிக்கோபார் சிலை இருக்கு. ஆள் உயர மரத்து ஆம்பளை. கண்ணை உருட்டி, ரெண்டு கையையும் தூக்கிகிட்டு நிப்பான். கெட்டது எதுவும் வீட்டுக்குள்ள வராம மிரட்டி விரட்டறதுக்காகச் செய்யறதாம். ஒரு டிரைவர் அண்ணன் அதுக்கு எதிர்ல துண்டை விரிச்சுப் படுத்துட்டார். எழுப்பி, இங்க படுக்கக்கூடாது, சிலையைப் பாருங்கன்னு சொன்னேன். படுத்தபடியே தலையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவனை நான் டெய்லி பார்க்கறேம்மா. எங்க லோடிங் சூப்பர்வைசரு. இப்படித்தான் கைய தூக்கினு கத்திகினே இருப்பான், வண்டி மட்டும் நகராது."

நாலு கால், நாலு அளவு

எனக்கு மேல ஒரே ஒருத்தர்தான், சேகர் சார். இருபது வருஷமா கம்பெனி ஸ்டோர்ஸ்ல இருந்தவர். மியூசியத்துக்கு யாரைப் போடறதுன்னு தெரியாம, பொருளை எண்ணி அடுக்கத் தெரிஞ்சவர்னு இவரைப் போட்டுட்டாங்க. அவர் பண்ணின முதல் வேலை எல்லாச் சிலைக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினது. அவருக்கு சிலைன்னு ஒண்ணு கிடையாது, எல்லாமே ஐட்டம்தான். "ஐட்டம் ஏழுல தூசி இருக்கு பாரு"ம்பார்.

ஒன்பதாம் நம்பர் ஒரு குதிரை. சத்தீஸ்கர் பக்கம் பஸ்தர்ல மெழுகை நூல் நூலாச் சுத்தி, அதுமேல மண்ணைப் பூசி, மெழுகை உருக்கிட்டு உலோகத்தை ஊத்திச் செய்யற வேலை. எனக்கு ரொம்பப் பிடிச்ச குதிரை அது. திமிரா நிக்கும். ஆனா மேஜையில வச்சா லேசா ஆடும். சேகர் சாருக்கு ரெண்டு நாள் தூக்கம் வரலை. மூணாவது நாள் ஸ்டோர்ஸுக்குப் போய் அளவு பார்க்கிற வெர்னியர் கருவியை வாங்கிட்டு வந்தார். குதிரையைத் தலைகீழாப் பிடிச்சு ஒவ்வொரு காலா அளந்தார். பேப்பர்ல எழுதினார். மறுபடி அளந்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார், நான்தான் அந்தக் குதிரையை வார்த்த மாதிரி. "நாலு காலும் நாலு அளவும்மா. எந்த இன்ஸ்பெக்‌ஷன்ல இதைப் பாஸ் பண்ணாங்க?"

முதல் குங்குமம்

இப்ப பதினாலாம் நம்பருக்கு வரேன். ஒரே மரத்துல குடைஞ்சது. என் இடுப்பு உயரம் இருக்கும். கீழே பள்ளமாக் குடைஞ்ச வயிறு, மேலே பக்கவாட்டுல திறந்த நெஞ்சு, ஒல்லிக் கழுத்து, உச்சியில பெண் தலை. கொண்டை மேல ரெண்டு சின்னப் பறவை. காது மட்டும் ஒண்ணே ஒண்ணு, குச்சி மாதிரி ஒரு பக்கமா நீட்டிகிட்டு இருக்கும். பெரியவர் நோட்டுல இதைப் பத்தி 'மரம், ஒடிசா' அப்படின்னு ரெண்டே வார்த்தைதான் இருந்துச்சு. ஐட்டத்துக்கு விவரம் இல்லாம வைக்கக்கூடாதுன்னு சேகர் சாரே யோசிச்சு ஒரு போர்டு எழுதினார்: 'ஆதிகாலத்தில் வாழ்ந்த பழங்குடி மக்கள் வணங்கிய தாய்த்தெய்வம்.' எதை வச்சு அப்படி எழுதினீங்கன்னு கேட்டேன். பார்த்தா அப்படித்தானே தெரியுதுன்னார்.

கிருத்திகை அன்னிக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துட்டு நாலு பொம்பளைங்க ஷேர் ஆட்டோவுல வந்து இறங்கினாங்க. பதினாலாம் நம்பர் முன்னாடி வந்ததும் ஒரு அம்மா டக்குன்னு செருப்பைக் கழட்டி ஓரமா வச்சாங்க. மத்த மூணு பேரும் கழட்டினாங்க. கன்னத்துல போட்டுகிட்டாங்க. நான் எழுந்து ஓடறதுக்குள்ள அந்த அம்மா முந்தானையில முடிஞ்சிருந்த குங்குமத்தை எடுத்து சிலை நெத்தியில அழுத்தி வச்சுட்டாங்க. தொடாதீங்க, தொடாதீங்கன்னு கத்தினேன். 'தொடாதீர்கள்'னு எழுதின போர்டைக் காட்டினேன். அவங்க பதறவே இல்லை. "நான் தொட்டா அவளுக்கு ஒண்ணும் ஆவாது கண்ணு. தொடாம போனாதான் எனக்கு எதனா ஆவும்."

வயித்துக்குள்ள மனு

அதுக்கப்புறம் நிக்கலை. வெள்ளிக்கிழமை ஆனா இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம்னு எங்கெங்கயோ இருந்து ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு யூனிஃபார்மோட, ஐடி கார்டைக் கழுத்துல மாட்டிகிட்டு வருவாங்க. வளையல், எலுமிச்சம்பழம், மஞ்சக் கயிறு. நான் துடைக்கத் துடைக்க குங்குமம். ஒருநாள் தூசி தட்டும்போது வயித்துப் பள்ளத்துல கையை விட்டா, மடிச்சு மடிச்சு வச்ச சீட்டுங்க. நான் படிச்சேன். மறைச்சு என்ன ஆகப்போகுது, எல்லாத்தையும் படிச்சேன். 'கான்ட்ராக்ட்ல இருந்து பர்மனென்ட் ஆகணும்.' 'நைட் ஷிஃப்ட் மாத்தி விடு தாயே.' 'லைன் லீடருக்கு வேற பிளான்ட்டுக்கு டிரான்ஸ்ஃபர் வரணும், அவருக்கு கெடுதல் வேணாம், டிரான்ஸ்ஃபர் போதும்.' ஒரு சீட்டுல எம்ப்ளாயி நம்பர், டிபார்ட்மென்ட், செல் நம்பர் எல்லாம் சுத்தமா எழுதியிருந்துச்சு.

அந்த சீட்டு ஆளை அடுத்த வாரமே பிடிச்சுட்டேன். இன்னொரு சீட்டைச் சொருகும்போது மாட்டினார், ஐடி கார்டுல அதே எம்ப்ளாயி நம்பர். என்னைவிட நாலஞ்சு வயசு பெரியவரா இருப்பார், ஒல்லியா, கண்ணெல்லாம் தூக்கம். அண்ணா, இதெல்லாம் உங்க கம்பெனியில எச்.ஆர். கிட்ட கொடுக்க வேண்டியதுன்னேன். பொட்டி வச்சிருக்காங்க, அதுலயும் போட்டேன்னார். அப்புறம் எதுக்கு இங்கேயும்னு கேட்டேன். நான் படிச்சது எப்படியோ அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. "அந்தப் பொட்டியை யாரும் தொறக்கறதே இல்ல. இங்க நீயாவது படிக்கிற இல்ல?"

பால் வேணாம்னா

நியாயமா இதையெல்லாம் நாங்க தடுத்திருக்கணும். சேகர் சார் தடுக்கலை, நானும் தடுக்கலை. ரிஜிஸ்டர் நிறைஞ்சுது. முதல் நோட்டு முடிஞ்சு ரெண்டாவது நோட்டு வாங்கினோம். சேகர் சார் அதைக் கையில வச்சுத் தடவித் தடவிப் பார்த்தார். குங்குமம் தரையில சிந்துதுன்னு ஒரு தட்டு வாங்கி வச்சவரும் அவரேதான். எனக்கு லைனுக்குப் போக வேண்டாம், அவருக்கு மறுபடி ஸ்டோர்ஸுக்குப் போக வேண்டாம். ரெண்டு பேரும் வாயை மூடிகிட்டு இருந்தோம். இதுல பெருமை ஒண்ணும் இல்லை.

ஆனா ஒரு இடத்துல நான் குறுக்க விழுந்தேன். தை வெள்ளிக்கிழமை ஒருத்தர் வெள்ளை வேட்டி கட்டிகிட்டு, பால் கேனோட வந்துட்டார். அம்மனுக்கு அபிஷேகமாம். மரத்துல பால் ஊத்தினா உளுத்துப் போகும்னு சிலைக்கு முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சு நின்னேன். இது பழைய மரம், தண்ணியே படக்கூடாதுன்னேன். அவர் கேனைக் கீழே வச்சார். கோபப்படப் போறார்னு நினைச்சேன். கொஞ்சம் யோசிச்சார், பக்கத்துல வந்தார், கடைக்காரர்கிட்ட பேரம் பேசற மாதிரி குரலைத் தாழ்த்தினார். "சரி, பாலு வேணாம்னா வுடு. பன்னீரு ஓகேவா?"

காது

கவர்ன்மென்ட் ஸ்கூல்ல இருந்து ஆறாங்கிளாஸ் பசங்களைக் கூட்டிகிட்டு வந்தாங்க. டீச்சர் வாசல்ல போன் பேசிகிட்டு இருந்தாங்க. நான் ஒருத்தி, அவனுங்க நாற்பது பேர். பாதிப் பேர் நிக்கோபார் ஆள் மாதிரி கையைத் தூக்கி நின்னு கத்தறானுங்க, பாதிப் பேர் குதிரையை ஆட்டறானுங்க. திடீர்னு ஹால் அமைதி ஆயிடுச்சு. பசங்க அமைதியானா ஏதோ உடைஞ்சிடுச்சுன்னு அர்த்தம்.

ஒரு பையன் பதினாலாம் நம்பர் முன்னாடி நிக்கிறான். கையில அம்மனோட காது. அக்காவோட பக்கெட் கண்ணு முன்னாடி வந்துச்சு. காதைப் பிடுங்கி ஓட்டையில வச்சேன். ஒட்ட பசை தேடலாம்னு பார்த்தா, அது கச்சிதமா உள்ளே போய் உட்கார்ந்துடுச்சு. உடைஞ்ச மாதிரியே இல்லை. கழட்டி மாட்டறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு. இது என்னடா அம்மன்னு எனக்கே முதல் தடவையா சந்தேகம் வந்துச்சு. அந்தப் பையன் அழுதுகிட்டே சொன்னான்: "நான் ஒடைக்கலைக்கா. சும்மா திருவினேன், அது சுத்துது."

வாழ்ந்த மக்கள்

அடுத்த ஞாயித்துக்கிழமை மூணு பொண்ணுங்க வந்தாங்க. ஒடிசாக்காரங்க. இருங்காட்டுக்கோட்டையில ரூம் எடுத்து, செல்போன் கம்பெனியில வேலை பார்க்கறவங்க. அதுல ஒருத்தி பேரு பாஹா, என்னைவிட ரெண்டு வயசு பெரியவ. லைன்ல கத்துகிட்ட தமிழ் பேசுவா. பதினாலாம் நம்பரைப் பார்த்தா. பொட்டு, வளையல், எலுமிச்சம்பழ மாலை எல்லாத்தையும் பார்த்தா. அப்புறம் வாயைப் பொத்திகிட்டு சிரிச்சா பாருங்க, எனக்குக் கோபம் வந்துடுச்சு. சாமியைப் பார்த்து என்ன சிரிப்புன்னு கேட்டேன். இது சாமி இல்ல, வாசிக்கிறதுன்னா. புரியலைன்னேன். போனை எடுத்து அவங்க சித்தப்பா வீட்டு வீடியோ ஒண்ணைக் காட்டினா. அதுல ஒருத்தர் இதே மாதிரி ஒண்ணை மடியில நிக்க வச்சு, வில்லால இழுத்து வாசிக்கிறார். சந்தாலி ஜனங்களோட வாத்தியமாம். தொத்ரோ பனாம்னு பேர். வயித்துப் பள்ளத்துக்கு மேல தோல் போர்த்தணும், அதுமேல ஒரே ஒரு நரம்பு. நரம்பைக் கட்டித் திருவி முறுக்கத்தான் அந்தக் காது. வயிறு, நெஞ்சு, கழுத்து, தலை, காதுன்னு வாத்தியத்தோட ஒவ்வொரு பாகத்துக்கும் அவங்க மொழியிலேயும் உடம்போட பேருதானாம். நாங்க மனுச்சீட்டு போட்டுகிட்டு இருந்தது பிடிலோட வயித்துக்குள்ள.

குங்குமம் வச்சதுக்கு அவ கோவிச்சுக்கலை. அழகாத்தான் இருக்குன்னா. போர்டுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டா. படிச்சுக் காட்டினேன். 'ஆதிகாலத்தில் வாழ்ந்த பழங்குடி மக்கள்' வரைக்கும் வந்ததும் நிறுத்தச் சொன்னா. வாழ்ந்தன்னா என்னன்னு கேட்டா. முன்னாடி இருந்தாங்க, இப்ப இல்லைன்னேன். சிரிப்பு போயிடுச்சு அவ முகத்துல. தன் ஐடி கார்டை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. "நான் சந்தாலி. நான் இல்லன்னா, நாளைக்கு மார்னிங் ஷிஃப்ட் யாரு போவா?"

மார்ச் வரைக்கும்

திங்கட்கிழமை காலையில சேகர் சார் டீயை முடிக்கிற வரைக்கும் கூட என்னால காத்திருக்க முடியலை. போர்டு தப்பு சார், மாத்தணும்னு எல்லாத்தையும் சொன்னேன். வீடியோவையும் காட்டினேன். பாஹா எனக்கு அனுப்பியிருந்தா. சார் அதை ரெண்டு தடவை பார்த்தார். எழுந்து போய் பதினாலாம் நம்பரைச் சுத்திச் சுத்தி வந்தார். காதைத் தொட்டுத் திருவினார். அது சுத்துச்சு. அப்படியே நாற்காலியில உட்கார்ந்துட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. பொருளுக்குத் தப்பான பேர் எழுதினா அவருக்கே ஆகாது. ஆனா மேஜை மேல ரிஜிஸ்டர் இருந்துச்சு, ரெண்டாவது நோட்டும் முக்கால்வாசி நிறைஞ்சு. அம்மன்னாதான் கூட்டம் வரும், பிடிலைப் பார்க்க யாரு வருவான்னு கேட்டார். பொய்யை வச்சு எப்படி சார் கூட்டம் சேர்க்கறதுன்னு கேட்டேன். ரிஜிஸ்டரை ஒரு தடவை புரட்டிட்டு, ஸ்டோர்ஸ்காரர் ஒரு வழி கண்டுபிடிச்சார். "மார்ச் கணக்கு முடியற வரைக்கும் அது அம்மனாவே இருக்கட்டும். ஏப்ரல் ஒண்ணாம் தேதியில இருந்து பிடில்."

நெசத்தைச் சொல்லு

நாலு நாள் அப்படியே ஓட்டினேன். யாராவது போர்டைப் படிச்சா வேற பக்கம் திரும்பிக்குவேன். வெள்ளிக்கிழமை ஒரு அக்கா வந்தாங்க. பல் தெரியற சிரிப்பு, கையில சின்ன மரத்தொட்டில். அதுக்கு முன்னாடி நாலு வெள்ளியும் வந்தவங்க. கல்யாணம் ஆகி ஆறு வருஷமாம், குழந்தை இல்லை. தொட்டிலைக் கட்டப் போனவங்க நின்னு, என்கிட்ட வந்து நேராக் கேட்டாங்க: கண்ணு, நீதான் டெய்லி இதுகூட இருக்கே. இது பலிக்குதா? நெசத்தைச் சொல்லு.

அதுவரைக்கும் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. தொடாதீங்கன்னு சொல்றதுக்கு மட்டும்தான் நான். எனக்குச் சமாளிக்கவும் வராது. சொல்லிட்டேன். யக்கா, இது சாமியே இல்ல, வாத்தியம். எங்களுக்கே போன வாரம்தான் தெரியும். அதுக்கப்புறமும் சொல்லாம இருந்தது எங்க தப்புன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கான்னும் சொன்னேன். அதுக்கும் போய்கிட்டுதான் இருக்காங்களாம். அழப் போறாங்கன்னு நினைச்சு தண்ணி பாட்டிலைக் கூட எடுத்துட்டேன். அவங்க தொட்டிலைப் பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்தாங்க. "இத்த மொதல்லயே சொல்லியிருந்தா நாலு வெள்ளிக்கிழமையும் ஓ.டி. பார்த்திருப்பேன் இல்ல?"

சீட்டைத் திருப்பிக் குடு

ஒருத்தர்கிட்ட சொன்னதுக்கப்புறம் மத்தவங்ககிட்ட மறைக்கிறதுல அர்த்தம் இல்லை. வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். சேகர் சார் என்கூடப் பேசறதை நிறுத்திட்டார். விஷயத்தை பேப்பர்ல எழுதி மேஜையில வைப்பார், 'ஐட்டம் 3 பல்ப் மாற்றவும்' அப்படின்னு. கம்பெனி பஸ்லயே விஷயம் பரவிடுச்சு. ரெண்டே வாரத்துல ரிஜிஸ்டர்ல மறுபடியும் லாரி டிரைவர்கள்தான். அக்கா லைன்ல போடற தன் பழைய தலைத்தொப்பியைத் துவைச்சு எனக்காகக் கொடியில காயப்போட்டா.

எச்.ஆர். பொட்டி அண்ணன் மட்டும் மறுபடி வந்தார். செருப்பைக் கழட்டலை. வாத்தியம்னு கேள்விப்பட்டேன்னார். ஆமான்னேன். பக்கத்துல போய் நிதானமாப் பார்த்தார். பறவை ரெண்டையும் அன்னிக்குத்தான் கவனிச்சாராம், சூப்பரா செதுக்கியிருக்கான்னார். எனக்குச் சந்தோஷமாப் போச்சு. ஒரு ஆளாவது சிலையைச் சிலையாப் பார்க்கறாரேன்னு. அப்புறம் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "என் சீட்டைத் திருப்பிக் குடும்மா. வேற எங்கனா போடறேன்."

யாரு மாத்தினது?

மேடம் மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை வர்றாங்கன்னு தகவல் வந்துச்சு. முந்தின நாள் நான் பழைய போர்டைக் கழட்டிட்டேன். பாஹா சொல்லச் சொல்ல புதுசு எழுதி ஒட்டினேன்: 'இது ஒற்றை நரம்பு வாத்தியம். சந்தாலி மக்கள் வாசிக்கிறார்கள். அவர்களில் சிலர் இருங்காட்டுக்கோட்டையில் வேலை செய்கிறார்கள்.' ரெண்டாவது வரியில 'வாசிக்கிறார்கள்'தானே, 'வாசித்தார்கள்' இல்லையேன்னு பாஹா மூணு தடவை கேட்டு உறுதி பண்ணிகிட்டா. மேடம் கேட்டா நீயே சொல்லுன்னு அவளையும் வரச் சொல்லியிருந்தேன். போகப்போற வேலைதானே, ஒழுங்காச் செஞ்சுட்டுப் போவோம்னு இருந்தேன்.

மேடம் வந்தாங்க. காட்டன் புடவை, கண்ணாடி, கையில ரிஜிஸ்டர். திறப்பு விழாவுக்கப்புறம் இப்பதான் உள்ளே வர்றாங்க. பதினாலாம் நம்பர் முன்னாடி நின்னு போர்டைப் படிச்சாங்க. இதை யாரு மாத்தினதுன்னு கேட்டாங்க. சேகர் சார் தரையைப் பார்த்தார். நான்தான் மேடம்னேன். முன்னாடி என்ன இருந்துச்சுன்னாங்க. தாய்த்தெய்வம்னேன். அவங்க சிரிச்சுட்டாங்க. சின்ன வயசுல அவங்க வீட்டு ஹால்ல இது இருந்தப்போ வயித்துல தோல் இருந்துச்சாம். மேளம்னு நினைச்சு இவங்கதான் தட்டித் தட்டிக் கிழிச்சாங்களாம். தொடாதேன்னு பெரியவர் முதுகுல ஒண்ணு வச்சாராம். பாஹாவைப் பார்த்து, மறுபடி தோல் போட்டா நீ வாசிப்பியாம்மான்னு ஆசையாக் கேட்டாங்க. பாஹா யோசிக்கவே இல்லை. "எனக்கு வாசிக்கத் தெரியாது மேடம். எனக்கு கேமரா மாட்டத்தான் தெரியும், ஒரு மணி நேரத்துக்கு நூறு போன்."

தீர்ப்பு

அதுக்கப்புறம் மேடம் ரிஜிஸ்டரைத் திறந்தாங்க. கூட்டம் வந்த பக்கம், வராத பக்கம், ரெண்டையும் புரட்டினாங்க. ஏன் இப்படி ஏறி இறங்குதுன்னு கேட்டாங்க. சாமின்னு நினைச்ச வரைக்கும் வந்தாங்க, இல்லைன்னு நான் சொன்னதும் நின்னுட்டாங்கன்னேன். சேகர் சார் அப்பதான் மூணு வாரத்துல முதல் தடவையா எனக்காக வாயைத் திறந்தார். போர்டை எழுதினது நான் மேடம், அந்தப் பொண்ணு திருத்தினா, அவ்வளவுதான்னார். எனக்கு அவரைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு. பிடிக்கலை.

மேடம் ஹாலை ஒரு சுத்து சுத்தினாங்க. கேன்டீன்ல இடம் பத்தாம ஆளுங்க நின்னுகிட்டே சாப்பிடறாங்க, இந்த இடம் எனக்கு வேணும்னாங்க. சரி, முடிஞ்சுதுன்னு நான் என் டிபன் பாக்ஸை எடுக்கப் போனேன். எங்கே போறேன்னு கேட்டாங்க. வீட்டுக்குன்னேன். நாளையில இருந்து லஞ்ச் டைம்ல யாரு இதெல்லாம் பார்த்துக்குவான்னாங்க. எனக்குப் புரியலை. சேகர் சாருக்கும் புரியலை. மேடம் அவர் பக்கம் திரும்பினாங்க. "சிலைக்கு எல்லாம் கண்ணாடிக் கூண்டு போடுங்க. நடுவுல டேபிள் போடுங்க. ஆளுங்க சிலைகிட்ட வரலைன்னா, சோத்தைச் சிலைகிட்ட கொண்டு வாங்க."

ரசம்

இப்ப மூணு ஷிஃப்ட்டும் சிலைகளுக்கு நடுவுலதான் சாப்பிடுது. சாப்பிடற வாய் சும்மா இருக்காது, எதிர்ல இருக்கறதைப் பத்திப் பேசும். ஒன்பதாம் நம்பர் குதிரைக்கு எப்படி உலோகம் ஊத்தியிருப்பாங்கன்னு ஃபவுண்டரி ஆளுங்க தினம் சண்டை போடறாங்க. சேகர் சார் வெர்னியரோட நடுவுல போய் உட்கார்ந்துடறார். பாஹா ஞாயித்துக்கிழமை ஊர்க்காரங்களைக் கூட்டிகிட்டு வந்து பதினாலாம் நம்பர் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பறா. அவங்க சித்தப்பா போன்ல, தோல் போடறதுக்கு ஆள் அனுப்பவான்னு மேடத்தைக் கேக்கச் சொல்லியிருக்கார். கேட்டிருக்கோம்.

என் நிலைமையைச் சொல்றேன். சாம்பார் கையோட கண்ணாடியைத் தொடாதீங்க, கூண்டு மேல டம்ளர் வைக்காதீங்க, முருங்கைக்காய் சக்கையை நிக்கோபார் ஆள் காலடியில துப்பாதீங்கன்னு நாள் முழுக்கக் கத்தறேன். கழுத்துல கார்டு மாட்டிகிட்டு டேபிள் டேபிளாச் சுத்தறதால, பாதிப் பேருக்கு நான் கேன்டீன் ஆள். நேத்து மிஷின் ஷாப் அண்ணன் ஒருத்தர் பதினாலாம் நம்பர் போர்டை முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் படிச்சார். எனக்குப் பெருமை தாங்கலை, ஏதோ கேக்கப் போறார்னு பக்கத்துல போய் நின்னேன். தட்டைக் காட்டினார். "எல்லாம் நல்லாத்தான் எழுதிக்கீறே. ரசம் ஏன் ஆறிக் கீது?"

ஆக, சகத் தொழிலாளர்களே, உண்மையைச் சொன்னா வேலை போயிடும்னு யாராவது மிரட்டினா நம்பாதீங்க, வேலை போகாது, கூட ரெண்டு வேலை சேரும்.